கொல்லிமலைக்கு எத்தனை பல்

யானைக்கவுனி சைக்கிள் கடையில், செய்தித்தாள் மேல் எண்ணெய்ப் பிசுக்கோடு இரண்டு கேசட்டுகள் கிடந்தன. பின்சக்கரத்தில் மாட்டும் பல்சக்கர அடுக்கைத்தான் கேசட் என்கிறார்கள். ஒன்றில் பெரிய சக்கரத்துக்கு இருபத்தைந்து பல், மற்றதில் முப்பத்துநாலு. பல் கூடினால் மேட்டில் மிதிப்பது இலகு, வேகம்தான் குறையும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு எது வேண்டும் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். என் மச்சான் முப்பத்துநாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, சோத்துத் தட்டு கணக்கா கீது? இத்தெல்லாம் கெய்வனுங்க மாட்றது" என்று கீழே வைத்தான்.

மச்சான் என் மனைவியின் தம்பி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இரண்டு வருடத்துக்கு முன் ஏணியில் வழுக்கி விழுந்து முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனது. சைக்கிள் மிதிக்கலாம், முட்டிக்குப் பாரம் கொடுக்கக் கூடாது என்றார் டாக்டர். முதல் பாதி மட்டும்தான் இவன் காதில் விழுந்தது. ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை என்னோடு மிதிப்பான். ஒரு மலையைச் சொந்தக் காலால் ஏறிவிட்டால் பழைய ஆளாகிவிடலாம் என்று நம்பினான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதற்கு வீட்டிலேயே கிடக்கலாம் என்பான்.

எங்கள் பக்கம் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். அதனால் மலையைக் காற்றை வைத்து அளப்பது எங்கள் வழக்கம். வெயிலேறி எண்ணூரிலிருந்து திரும்பும்போது முகத்தில் அறையும் கடல்காற்றில் கனமான கியரை மிதிக்கிறவன் எந்த மலையும் ஏறுவான் என்பது எங்கள் கணக்கு. காற்று நடுவில் கொஞ்சம் ஓயும், மலை ஓயாது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. கொல்லிமலைக்கு மச்சான் இருபத்தைந்தோடு வந்தான். கேலியைப் பொறுத்துக்கொண்டு நான் முப்பத்துநாலை மாட்டினேன்.

நாற்பத்தொன்றாம் வளைவில் காலை ஊன்றி நின்றுவிட்டான். முட்டி நடுங்கியது. என் வண்டியை எடுத்துக்கொள் என்றேன்.

"வாணாம் மாமா. உன்னுது நீ ஓட்டு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பொட்டி கனமா இருந்தா கிரேன்ல மெதுவா தூக்குவியா, ரோப்ப அறுப்பியா? உன் முட்டி மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு?"

மச்சான் தன் வண்டியை என்னிடம் நீட்டினான். சிலுவை போட்டுக்கொண்டு என் வண்டியில் ஏறினான். இருவருக்கும் ஒரே உயரம். அவனுடைய வண்டியில் நான் மூன்று வளைவுகூடத் தாண்டவில்லை. பிறகு தள்ளலும் மிதித்தலுமாகத்தான் போனேன். கடந்துபோன பேருந்திலிருந்து யாரோ சிரித்தார்கள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணாந்தபோது இரண்டு வளைவுக்கு மேலே அவன் நிதானமாக மிதித்துக்கொண்டிருந்தான், முகத்தில் வலி இல்லை. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

இப்போது கோத்தகிரிக்கு நாள் குறித்திருக்கிறோம். அவனும் முப்பத்துநாலு மாட்டிவிட்டான். சாமான்களை மூட்டை கட்டும்போதெல்லாம் கொல்லிமலையின் அறுபத்தெட்டாம் வளைவு ஞாபகம் வருகிறது. நான் மூச்சுவாங்கத் தள்ளிக்கொண்டிருந்தேன். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தவன் எனக்காகத் திரும்பி இறங்கி வந்தான்.

"மேல போயிட்டேன் மாமா. தனியா நிக்க ஒரு மாதிரியா கீது."

சொல்லிவிட்டு வண்டியிலிருந்து இறங்கினான். ஹேண்டில்பாரைப் பிடித்து, லேசாக நொண்டிக்கொண்டு, என் பக்கத்திலேயே தள்ளிக்கொண்டு வந்தான்.