மதினியின் மூன்றாவது வருஷம்

என் மதினி வேல்விழியைப் பற்றிப் பத்திரிகைகளில் இதுவரை ஏழு தடவை எழுதிவிட்டார்கள். ஏழிலும் தப்பு. எனக்குச் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் பிழை திருத்துகிற வேலை. அச்சில் தப்பைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அதிலும் சொந்த அண்ணன் பெண்டாட்டியைப் பற்றித் தப்பாக வந்தால் எரிச்சல் தலைக்கு ஏறிவிடும். ‘வறுமையை வென்ற வீராங்கனை’ என்று ஒரு தலைப்பு. மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நான் வைத்த குழம்பில் உப்புக் குறைச்சல் என்று நொட்டையும் சொல்கிற வீராங்கனை அவர். ‘காலணி வாங்க வழியின்றி வெறுங்காலில் ஓடினார்’ என்று இன்னொருவர். மூன்று ஜோடி ஷூ கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கிறது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து புழங்குகிற அறைக்குள் செருப்புப் போடக் கூடாது. பதின்மூன்று வருஷம் அப்படியே பழகிய கால், ஷூவுக்குள் போனால் மூச்சு முட்டுகிறது என்கிறார். சங்கதி அவ்வளவுதான்.

டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நடுவில் உட்காராமல் அடுத்தடுத்து முடிப்பது. கடலில் முக்கால் கிலோமீட்டர், சைக்கிளில் இருபது, அப்புறம் ஓட்டம் ஐந்து. முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் என் மதினி மாநிலச் சாம்பியன். நான் எழுதுவதிலாவது சரியாக இருக்கட்டும்.

எல்லாம் ஒரு கோபத்தில் தொடங்கியது. அண்ணன் பாண்டிராஜ் பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்டுகிறான். காலையில் சிவகாசியில் தெருத்தெருவாக ஆள் ஏற்றி எம். புதுப்பட்டியில் கொண்டுபோய் இறக்க வேண்டும். மதினிக்கும் அங்கேதான் சரவெடி பின்னுகிற வேலை. யாருக்காகவும் ஒரு நிமிஷத்துக்கு மேல் வேனை நிறுத்துவதில்லை என்பது அண்ணன் சட்டம். ஒருநாள் மகள் பாப்பாவுக்குத் தலை பின்னிவிட்டதில் மதினிக்கு இரண்டு நிமிஷம் தாமதம். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று பெண்டாட்டியையே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான் அந்த மகராசன். மதினி பக்கத்து வீட்டுச் சைக்கிளை எடுத்தார், சேலையைத் தூக்கிச் செருகினார், மிதித்தார். பன்னிரண்டு கிலோமீட்டர். வேன் அங்கங்கே நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போய்ச் சேருவதற்குள், இவர் கம்பெனி வாசலில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாராம்.

“என்ன டிரைவரே, இம்புட்டு லேட்டா வாறீக?” என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து இன்றுவரை மதினி கம்பெனிக்கு அந்த வேனில் போனதில்லை. தினமும் போக வர இருபத்து நாலு கிலோமீட்டர் சைக்கிள்தான். வேன் காசுக்கு வழியில்லாமல் சைக்கிள் மிதித்தார் என்று எழுதிய நிருபரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் நடந்ததற்கு நான்தான் காரணம். எங்கள் காலண்டர் கம்பெனிக்கு டிரையத்லான் நோட்டீஸ் ஒன்று அச்சுக்கு வந்தது. திருத்திய தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, “உங்களுக்குன்னே போட்டி வச்சிருக்காக மதினி, பாருங்க” என்று கிண்டலாகத்தான் நீட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

“நீச்சல் தெரியும். சைக்கிள் தெரியும். ஓட்டத்துல பள்ளிக்கூடத்துலயே கப்பு வாங்கியிருக்கேன். இதுல எனக்கு எது தெரியாது, பேச்சி?”

முத்துப்பேச்சி என்கிற நான் கேட்டு வாங்கிக்கொண்ட வம்பு அது.

கிண்டல் பண்ணப் போய் என் ஞாயிற்றுக்கிழமைகள் பறிபோயின. பயிற்சிக்கு மதினிக்கும் அன்றுதான் லீவு, அண்ணனின் வேனும் அன்றுதான் சும்மா நிற்கும். எல்லாரும் ஒரே வீடு. ஆகவே பாப்பாவை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நானோ அஞ்சல் வழியில் பி.ஏ. சேரப் பணம் கட்டுகிற நேரம். அதற்கும் விருதுநகரில் ஞாயிற்றுக்கிழமைதான் வகுப்பு. மனதில் வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவது எனக்கு வராது. நேராகவே சொல்லிவிட்டேன்.

“மூணு வருசம் மதினி. அதுக்குள்ள முதலா வந்துட்டீகன்னா, அப்புறம் நீங்க எம்புட்டு வருசம் ஓடுனாலும் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு நானும் பின்னாலயே வாறேன். வரலைன்னா விட்டுறணும். நான் படிக்கப் போகணும்.”

“நியாயந்தான்” என்று சொல்லி மதினி என் கையில் அடித்துக் கொடுத்தார். அண்ணன் சாட்சி.

முதல் வருஷம் தூத்துக்குடியில் போட்டி. மதினிக்கு நீச்சல் தெரியும் என்பதில் பொய்யில்லை. பிறந்த ஊர் மல்லாங்கிணறு. அவருடைய அப்பா முத்துக்கருப்பன், மகள் முதுகில் காலி எண்ணெய்க் கேனைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டுக் கற்றுக்கொடுத்த நீச்சல் அது. ஆனால் கிணற்றுக்குள் எங்கே போய் நீந்துவது? சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான். அந்தப் பழக்கம் கடலிலும் விடவில்லை. விசில் ஊதியதும் மற்றவர்கள் மஞ்சள் மிதவையைப் பார்த்து நேராகப் போனார்கள். என் மதினி மட்டும் இடது பக்கமாக வளைந்து, பாதி வட்டம் போட்டு, எங்களை நோக்கியே திரும்பி வந்தார். படகுக்காரர் துடுப்பைக் காட்டித் திருப்பி அனுப்பினார். மறுபடியும் வட்டம். நாலு தடவை. கரையில் நான் சிரித்த சிரிப்பில் பாப்பா பயந்து அழுதுவிட்டாள். கடைசியாக வந்தார் மதினி. வேனில் ஏறியதும், “அங்கன சுவரே இல்லையே பேச்சி, எதைப் புடிச்சுப் போறது?” என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கக் கோவில்பட்டி தாண்ட வேண்டியிருந்தது.

மழைக்குக் கண்மாய் நிறைந்ததும் அண்ணன் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கயிறு கட்டி, நடுநடுவே தண்ணீர் பாட்டில்களை மிதக்கவிட்டான். ஞாயிறுதோறும் மதினி அந்தக் கயிற்றைப் பார்த்தே நேராக நீந்தப் பழகினார். இரண்டாம் வருஷம் இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தவர் கற்பகவல்லி, மதுரையில் வங்கி அதிகாரி. இருவருக்கும் இடையில் ஒன்பது விநாடி. அந்த ஒன்பது விநாடியை மதினி வீட்டில் எங்கே போனாலும் தேடினார். துணி துவைக்கும்போது, “அந்தத் திருப்பத்துல பிரேக் போட்டேன் பாரு, அங்கன மூணு போச்சு” என்பார். இன்னும் ஒரே வருஷம்தான் பாக்கி என்பது இருவருக்கும் தெரியும்.

மூன்றாம் வருஷமும் அதே கடற்கரை. மதினி கடலிலிருந்து மூன்றாவதாக ஏறினார். நானும் பாப்பாவும் சைக்கிள் பாதையில் பதினெட்டாவது கிலோமீட்டரில், ஒரு திருப்பத்தில் நின்றோம். தூரத்தில் முதல் இரண்டு சைக்கிள்கள் தெரிந்தன. முன்னால் கற்பகவல்லி, மதினி அவரை நெருங்கி நெருங்கி, திருப்பத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டார்கள். இன்னும் இரண்டு கிலோமீட்டர் மிதித்தால் அப்புறம் ஓட்டம். ஓட்டத்தில் மதினியை யாரும் பிடிக்க முடியாது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, ஜெயித்துவிட்டார் என்று. அந்த நிமிஷத்தில் பி.ஏ.வாவது ஒன்றாவது என்று இருந்தது.

அந்தத் தெருக்காரர்கள் வீராங்கனைகளை வரவேற்க ஆசைப்பட்டு, டீக்கடைச் சுவருக்குப் பின்னால் அணுகுண்டு வெடி வைத்திருந்தார்கள். முதல் சைக்கிள் திரும்பியதும் பற்றவைத்துவிட்டார்கள்.

சிவகாசிக்காரிக்கு வெடிச் சத்தம் புதிதா என்று கேட்பீர்கள். திரியைக் கண்ணால் பார்த்துவிட்டால் எங்களுக்குப் பயமே இல்லை. தீபாவளிக்குக் கையில் வைத்தே கொளுத்துவோம். பார்க்காமல் காதில் விழுகிற சத்தம் வேறு. அது எங்கள் பக்கம் கம்பெனி விபத்து என்கிற ஒரே ஒரு காரணத்துக்குத்தான் கேட்கும். கூட்டம் கைதட்டியது. நான் பாப்பாவை இடுப்பில் அள்ளிக்கொண்டு பத்தடி ஓடிவிட்டேன். ஓடியபடியே பார்த்தேன். மதினி சைக்கிளை அப்படியே நடுரோட்டில் போட்டுவிட்டார். எட்டி, கற்பகவல்லியின் கையைப் பிடித்துச் சைக்கிளிலிருந்து இழுத்து, ரோட்டைத் தாண்டிக் கருவேல முள்ளுக்குள் கொண்டுபோய், அவரைக் குப்புறத் தள்ளி மேலே தானும் படுத்துக்கொண்டார்.

கம்பெனியில் மதினி வேலை பார்க்கிற அறையில் நாலு பேருக்குள் ஒரு வழக்கம் உண்டு. காலையில் வேலைக்கு உட்காரும்போது, “இன்னைக்கு நீ எனக்கு, நான் உனக்கு” என்று ஜோடி சொல்லிக்கொள்வார்கள். சத்தம் கேட்டால் எதையும் எடுக்காமல் ஜோடியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடித் தரையில் படுக்க வேண்டும். கம்பெனிச் சட்டத்தில் இது இல்லை. இவர்களாக வைத்துக்கொண்டது. கடற்கரை ரோட்டில், பனியன் போட்ட ஒரு வங்கி அதிகாரிக்கு அன்று அந்த ஜோடி வாய்த்துவிட்டது.

இரண்டாவது வெடிக்கு மதினிக்குப் புத்தி தெளிந்துவிட்டது. எழுந்து சுற்றும் முற்றும் பார்த்தார். கைதட்டிக்கொண்டிருந்த கூட்டம் வாயைப் பிளந்து நின்றது. கற்பகவல்லிக்கு முழங்காலில் ரத்தம். மதினி அவரைத் தூக்கி நிறுத்தி, “மன்னிச்சுக்கங்க மேடம், மன்னிச்சுக்கங்க” என்று சொல்லிக்கொண்டே இரண்டு சைக்கிளையும் நிமிர்த்தினார். இருவரும் ஏறிப் போனார்கள்.

மதினி ஓட்டத்தில் முதலில் வந்தார். அண்ணன் நிறுத்தாமல் ஹாரன் அடித்தான். நான் அழுதேன். அந்தச் சந்தோஷம் எங்களுக்கு ஒரு கால் மணி நேரம் இருந்தது. அப்புறம் நடுவர் சங்கரபாண்டியன் ஒரு தாளோடு வந்தார். வயதானவர், நல்ல மனிதர். கற்பகவல்லி எழுத்தில் புகார் கொடுத்திருப்பதாகவும், போட்டியாளரைக் கையால் இழுத்துத் தள்ளினால் தகுதி நீக்கம்தான் என்றும் மெதுவாகச் சொன்னார். அண்ணன் சண்டைக்குப் போனான். மதினி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

“இழுத்தேன்ல. சாரு சொல்லுறது சரிதான்” என்றார்.

அப்படியே முதலுதவிக் கூடாரத்துக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். மூன்றாவதாக வந்து சேர்ந்த கற்பகவல்லிக்கு முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மதினி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“ரொம்ப வலிக்கா மேடம்?”

“உங்களுக்குப் பயம்னா நீங்க ஓடுங்க. என்னை ஏன் இழுத்தீங்க?” என்று கற்பகவல்லி கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது.

“நீங்கதான் பக்கத்துல இருந்தீக.”

“அதுக்கு?”

மதினி தரையைப் பார்த்தபடியே பேசினார். “பாப்பா பொறக்குறதுக்கு முந்தி வேற கம்பெனியில இருந்தேன் மேடம். எம் பக்கத்துல மாடத்தி அக்கா இருந்தாக. ஒருநாள் சத்தம் கேட்டுச்சு. நான் எந்திரிச்சு ஓடிட்டேன். ஓட்டத்துல நான் எப்பவுமே கெட்டிக்காரிதான். வெளிய வந்து திரும்பிப் பாத்தா அக்கா வரல. கை நீட்டியிருந்தா எட்டியிருக்கும்.”

அந்த விபத்து நடந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மதினி ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு வந்து சேர்ந்தார். நாங்கள் மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தோம். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அறை முழுக்க ஜோடி சொல்லிக்கொள்கிற அந்த வழக்கத்தை மதினிதான் கொண்டுவந்தார் என்று தெரிந்தபோதுகூட, எல்லாரையும் அதட்டுவதில் இவருக்கு ஒரு ஆசை என்றுதான் நான் நினைத்தேன். ஊரார் தப்பையெல்லாம் திருத்துகிறவள் நான். வெட்கமாக இருந்தது.

கற்பகவல்லி எழுந்து நொண்டிக்கொண்டே நடுவரிடம் போய்ப் புகாரைத் திருப்பித் தரச் சொன்னார். தாளைத் தரலாம், ஆனால் நடந்ததை நானே கண்ணால் பார்த்தேனே அம்மா என்று நடுவர் கையை விரித்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. பட்டியலில் மதினி பெயருக்கு நேரே ‘தகுதி நீக்கம்’ என்று ஏறியது ஏறியதுதான்.

அடுத்த வருஷமும் அதற்கு அடுத்த வருஷமும் மதினி வாங்கிய தங்கத்தைப் பற்றித்தான் ஏழு பேரும் எழுதினார்கள். இந்த மூன்றாம் வருஷத்தைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது.

திரும்பி வரும்போது அண்ணன் வேனை ஓட்டினான். பாப்பா என் மடியில் தூங்கிவிட்டாள். மதினி ஜன்னலோரம் உட்கார்ந்து, உள்ளங்காலில் ஏறியிருந்த கருவேல முள்ளை ஊக்கால் எடுத்துக்கொண்டிருந்தார். கோவில்பட்டி தாண்டியதும், என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“மூணு வருசம் முடிஞ்சிருச்சு பேச்சி. நீ போய்ப் பணத்தைக் கட்டு. ஞாயித்துக்கிழமை இனிமே நான் வீட்டுல இருப்பேன்.”

நான் ஊக்கை அவர் கையிலிருந்து வாங்கி, அந்தக் காலை இழுத்து என் மடிமேல் வைத்துக்கொண்டேன்.

“எப்படி முடியும்? இந்த வருசம்தான் சேத்தியே இல்லைன்னு நடுவரே எழுதிக் குடுத்துட்டாருல்ல. ரெண்டுதான் ஆகியிருக்கு மதினி. ஆடாம காலைக் காட்டுங்க.”