நானாவின் காரும் உடைந்த இரண்டு துண்டுகளும்

எனக்குப் பயப்படுவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. இன்றைக்கும் வேலை நேரத்தில் வீட்டிலிருந்து போன் வந்தால், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் எடுப்பேன். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் கவலைப்படுகிற படிப்பை அதற்கு வெகு முன்பே முடித்துவிட்டேன். சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டுப் பக்கத்தில் அந்தச் சிவப்புக் கார் வந்து நின்றபோது எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்.

அப்பா அதற்கு முன்பு சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். எப்போதாவது பஸ் ஏறி வருவார். வெட்கம் விட்டு நான் அவரிடம் பேச ஆரம்பிக்கும்போது திரும்பிப் போய்விடுவார். அந்த வருஷம்தான் வேலையை விட்டு வந்து, வீட்டை ஒட்டித் தகரக் கூரை இறக்கி, உடைந்த பைபர் சாமான்களை ஒட்டித் தருகிற பட்டறை போட்டிருந்தார். தண்ணீர்த் தொட்டி, மோட்டார் சைக்கிள் மூடி என்று சில்லறை வேலைகளே வந்துகொண்டிருந்தன.

நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருந்தவரை எங்கள் பக்கத்தில் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். தரையோடு தரையாக ஓடுகிற அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அவருடையதுதான். பிள்ளைகளைவிட அதன் மேல்தான் அவருக்குப் பாசம் என்று அம்மா சொல்வாள். அந்தக் கார் சாக்கடை ஓரத்துச் சிமெண்டுக் கட்டையில் மோதி, முன்பக்கம் விரிசல் விட்டுவிட்டது. உடைந்து விழுந்த துண்டை, சோறு கட்டித் தருகிற பிளாஸ்டிக் பையிலேயே போட்டு எடுத்து வந்திருந்தார். இரும்பென்றால் எந்தப் பட்டறையிலும் தட்டி நிமிர்த்திவிடுவார்கள். இது கண்ணாடி நாரையும் பிசினையும் அச்சில் வைத்துச் சூட்டோடு அழுத்திச் செய்தது. தட்டினால் இன்னும் உடையும்.

அன்று சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"இந்தக் கார் சரியா வரலன்னா, நான் சிங்கப்பூருக்கே திரும்பிப் போயிட வேண்டியதுதான்."

அம்மா குழம்பை ஊற்றினாள். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பாலிக் புலாவில் மீன்பிடிப் படகுகளுக்குப் பைபர் போடுகிறவர். படகுக்கு ஊற்றுகிற ரெசின் என்கிற பிசின் ஒரு டின்னும், வெட்டிய நாரைத் தூவிப் பாய் மாதிரி ஆக்கிய ஒரு சுருளும் மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். கையில் இருப்பதை வைத்தே முடித்துவிடலாம் என்பது அவர் கட்சி. அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. அழுத்திச் செய்த இந்தப் பலகையைப் படகு ரெசின் கெட்டியாகப் பிடிக்காது, விலை கூடினாலும் எப்பாக்ஸி என்கிற பிசின்தான் வேண்டும், அதற்கும் இந்தப் பாய் ஆகாது, நெய்த துணிதான் வேண்டும் என்றார். ஆனால் சிங்கப்பூரில் மற்றவர்கள் செய்யப் பார்த்திருக்கிறாரே தவிர, அவர் கையால் செய்ததில்லை. அது மாமாவுக்கும் தெரியும்.

"படகு கடல்லயே நிக்குது மச்சான், கார் ரோட்டுல நிக்காதா? தைப்பூசத்துக்கு இதே ரெசின்லதான் காவடிக்கு மயிலு செஞ்சேன். தண்ணீர்மலைக் கோயில் வரைக்கும் ஏறி எறங்குச்சு, ஒரு எறகு உதிரல லா."

"நானா என்ன காருல காவடியா எடுக்கப் போறாரு?" என்றார் அப்பா. ஆனால் குரலில் சுரத்தில்லை. இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்.

அம்மா பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்தாள். வேலைக்குப் போகும் அவசரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"எங்க கம்பெனியில ஒண்ணு ரெண்ட ஒடச்சுப் பாத்துட்டுத்தான் மத்தத வெளிய அனுப்புவாங்க. கார்ல கை வைக்காதீங்க. அந்த ஒடஞ்ச துண்டுல ஆளுக்கொரு பக்கம் ஒட்டிப் பாருங்க."

அந்தத் துண்டு ஓரமெல்லாம் நொறுங்கி, திரும்பக் காரில் சேராது என்றுதான் கிடந்தது. அப்பா கடைக்குப் போய்ச் சின்ன டின் எப்பாக்ஸியும் கொஞ்சம் துணியும் வாங்கி வந்தார். துண்டை இரண்டாக அறுத்தார்கள். நார்த்தூள் அரிக்காமல் இருக்கக் கையெல்லாம் பவுடர் பூசிக்கொண்டு, இரண்டையும் ஒரே மாதிரி தேய்த்து, ஒன்றில் மாமா பாயையும் மற்றதில் அப்பா துணியையும் அவரவர் பிசினில் தோய்த்து ஒட்டி மதில் மேல் காய வைத்தார்கள். எது யாருடையது என்று எனக்குத் தெரியாது. எதற்கு வம்பு என்று, இரண்டுமே உடையக் கூடாது முருகா என்று பொதுவாக வேண்டிக்கொண்டேன். காக்கை வந்து உட்கார்ந்தால்கூட ஓடிப்போய் விரட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் இருந்தாள். மாமா ஒட்டியதன் ஓரத்தில் அப்பா மறுபடி பவுடர் பூசிய கையால் திருப்புளியை நுழைத்து நெம்பினார். வெந்த தோசை கல்லை விட்டு வருவது போல அது முழுசாகக் கழன்று வந்தது. அடுத்து அப்பாவுடையது. திருப்புளி ஏறவில்லை. மாமா அதை இடுக்கியில் இறுக்கி, பலம் கொண்ட மட்டும் வளைத்தார். டப்பென்று அதுவும் உடைந்தது.

இரண்டும் போயிற்று. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் உடைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, தோற்றவர் மாதிரி இல்லாமல் சிரித்தார்.

"ஒட்டுன எடம் அப்படியே இருக்கு மச்சான். பழைய பலகைதான் பக்கத்துல ஒடஞ்சிருக்கு. நீங்க சொன்னதுதான் சரி. நல்லவேள, கார்ல என்னோடத ஊத்தல."

அம்மாவும் சிரித்தாள். அப்பா சிரித்துக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை முட்டியது.

"எப்பப்பா போறீங்க?" என்றேன்.

"எங்கம்மா?"

"சிங்கப்பூருக்கு."

அவர் சிரிப்பு நின்றது. அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "எங்கயும் போகல. இங்கதான் இருப்பேன்," என்றார். அவர் கைப் பவுடர் என் சட்டையெல்லாம் ஒட்டியது.

காரை அப்பா அவசரப்படாமல் செய்தார். சாயம் அடித்த பிறகு நானா வந்து, காரைச் சுற்றிச் சுற்றி நடந்து, குனிந்து விரலால் தட்டிப் பார்த்து, "எங்கய்யா ஒடஞ்சிச்சு?" என்று அப்பாவையே கேட்டார். அவர் சொல்லி இன்னும் கார்கள் வந்தன. அப்பா பிறகு சிங்கப்பூருக்குப் போனது ஒரே ஒரு கல்யாணத்துக்கு.

ஒட்டிய இடம் தாங்கி மற்ற இடம் உடைந்தால் அது நல்ல ஒட்டு என்பது அன்று எனக்குத் தெரியாது. எனக்குப் புரிந்தது வேறு. கொடுத்த இரண்டு துண்டையும் உடைத்துவிட்ட ஆளைச் சிங்கப்பூர்க்காரன் வேலைக்குச் சேர்க்க மாட்டான், அதனால்தான் அப்பா நின்றுவிட்டார். இந்தச் சேதி எப்படியாவது சிங்கப்பூர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று, பள்ளிக்கூடத்தில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் நிம்மதியாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்: எங்கப்பாவுக்கு ஒட்டவே தெரியாது, ரெண்டையும் ஒடச்சிட்டாரு.