புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

துப்பாக்கிக்கும் விலைப் புத்தகம் உண்டு என்பதை எங்கள் ஊரில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவு. சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி உட்கார்ந்து, அப்பாவின் போனில் எதையாவது தேடிக்கொண்டே இருப்பேன். அப்படி மாட்டியதுதான் அது. வெளிநாட்டில் யாரோ போட்ட பட்டியல். பழைய துப்பாக்கிகள், கம்பெனி வாரியாக, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டத்தில் ஐந்து விலை: புதுசு மாதிரி, மிக நன்று, நன்று, சுமார், மோசம். எங்கள் வீட்டுத் துப்பாக்கியின் இரட்டைக் குழலுக்கு நடுவே பொடி எழுத்தில் ஓடும் இங்கிலீஷ் பெயரைத் தட்டினேன். இருந்தது! பாறையிலிருந்து குதித்த குதியில் செருப்பு வார் அறுந்தது.

துப்பாக்கி அப்புச்சியுடையது, அதாவது அம்மாவின் அப்பாவுடையது. காபித் தோட்டத்தில் காவல் இருந்தவருக்கு, தோட்டத்தை விற்றுவிட்டுப் போன முதலாளி கொடுத்தது. அப்புச்சிக்குப் பிறகு லைசென்ஸ் அப்பா பெயருக்கு மாறியது. மரவள்ளிக் காட்டில் பன்றி இறங்கினால் அப்பா வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார். அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

அதை விற்க வேண்டி வந்தது அம்மாவின் கண்ணுக்காக. ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதில் விழித்திரை கெட்டுக்கொண்டே வருகிறது, இந்த மாதத்துக்குள் கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்தால் இருக்கும் பார்வை நிற்கும், தள்ளினால் பிறகு செய்தும் பயனில்லை என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். மிளகு விற்றதில் பாதி தேறியது. மீதிப் பாதி துப்பாக்கியிலிருந்து வர வேண்டும்.

"ரெண்டாவது கட்டத்து வெலை கெடைச்சாலே போதுங்கப்பா."

"அந்த நாட்டுக்காரன் போட்ட வெலைய நம்மூர்க் கடைக்காரன் ஒத்துக்குவானா கண்ணு?"

"இது ஒலகத்துக்கே பொதுப்பா!"

அந்த வயதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

துப்பாக்கியை விற்க அனுமதி வேண்டும். அந்தத் தாளை வாங்க நானும் அப்பாவும் மலை இறங்கிப் போய்த் திரும்பிய அன்று, அம்மா வாசலில் சாக்கை விரித்து, துப்பாக்கியை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஊறவைத்த புளி, செங்கல் தூள், தேங்காய் நார். எங்கள் மலையிலிருந்து எதை விற்கக் கொண்டு போனாலும் துடைத்துத்தான் கொண்டு போவோம். சந்தைக்குப் போகும் மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்பு சீவுவோம். பலாப்பழத்தைக்கூட மண் போகக் கழுவுவோம்.

"ஒரே கறுப்பா அப்பிக் கெடந்துச்சு சாமி. எத்தன வருசத்துக் கரியோ! எங்கப்பன் ஊட்டுப் பொருளு, அழுக்கோட போனா எனக்கில்ல அசிங்கம்?"

கண்ணுக்குத் தெரியாததை விரலால் தடவித் தடவிப் பார்த்துத் தேய்த்திருக்கிறாள். குழல் வெள்ளை வெளேரென்று வெயிலை எங்கள் முகத்தில் அடித்தது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "குத்துவெளக்கு மாதிரி ஆக்கிப்புட்டயே!" நான் மனசுக்குள் அதை இரண்டாவது கட்டத்திலிருந்து முதல் கட்டத்துக்கே ஏற்றிவிட்டேன்.

மறுநாள் போர்வையில் சுற்றிக்கொண்டு சேலம் போனோம். துப்பாக்கிக் கடைக்காரர் போர்வையை விலக்கினார். கை வைக்கவில்லை.

"யாருங்க இதத் தேச்சது?"

"ஊட்ல அவிங்கதானுங்க," என்றார் அப்பா பெருமையாக. "நேத்துக் காலையில இருந்து தேச்சிருக்காங்க."

"அடப் பாவமே!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விலைப் பட்டியலைப் பற்றி எடுத்துவிட்டேன். அவர் சிரிக்காமல், அட்டை கிழிந்த தடிப் புத்தகம் ஒன்றை மேஜையில் வைத்தார். அதே பட்டியல், அச்சில்!

"வெலையத்தான் பாத்திருக்கே பாப்பா. மொதப் பக்கத்தப் படி. படிச்சு அப்பாவுக்குச் சொல்லு."

படித்தேன். இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி, தடங்கல் இல்லாமல், ஸ்கூல் மேடையில் ஒப்பிப்பது போல. கட்டங்களில் சொல்லும் நிலை என்பது சுத்தத்தைக் குறிப்பதல்ல. கம்பெனியில் ஏற்றிய கருநீல மெருகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதே நிலை. தேய்த்து மெருகை எடுத்துவிட்ட துப்பாக்கி, மற்றபடி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கடைசிக் கட்டத்துக்கே போகும்.

"இங்கிலீஷ் நல்லாப் படிக்குதுங்க உங்க புள்ள," என்றார் கடைக்காரர். எனக்கு உச்சி குளிர்ந்தது.

அப்பா மெதுவாகக் கேட்டார். "மறுபடி அந்தக் கறுப்ப ஏத்த முடியாதுங்களா?"

"ஏத்தலாங்க. ஏத்துனதுன்னு பாத்ததுமே தெரிஞ்சிரும். அதுக்கும் இதே கட்டந்தான். நேத்துக் காலையில வந்திருந்தீங்கன்னா நீங்க நெனச்ச வெலைய நானே குடுத்திருப்பேன்."

கொடுத்ததை அப்பா வாங்கிக்கொண்டார். பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் சொன்னார்: "அம்மாகிட்ட நல்ல வெலைன்னு சொல்லோணும். கடைக்காரரு அசந்து போயிட்டாருன்னு சொல்லோணும். செரியா?"

சொன்னோம். அம்மாவுக்குப் பிடிபடாத சந்தோஷம். தண்ணீர்க் குழாயடியில் தொடங்கி ஊர் முழுக்க அதே பேச்சு. "நான் தேச்ச தேய்ப்புலதான் அந்த வெலை!"

அதற்குப் பிறகு அப்பா மீதிப் பணத்துக்கு அலைந்தார். போன இடமெல்லாம் ஒரே பதில். "துப்பாக்கிய நல்ல வெலைக்குத் தள்ளிட்டு எங்கிட்ட எதுக்கு மாமா கடன் கேக்கறீங்க? பாங்கில போடறதுக்கா?" ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சாயங்காலத்துக்குள் அது அம்மாவின் காதுக்கு வந்துவிடும். அத்தனை சின்ன ஊர் எங்களுடையது. அப்பா எல்லோரிடமும் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தார். அம்மா கோயம்புத்தூருக்குக் கட்டிக்கொண்டு போகும் சேலையை எடுத்து வைத்துக் காத்திருந்தாள்.

மாதம் முடிந்தது.

"டாக்டருக்குப் போன் போட்டேன்," என்றார் அப்பா. "ஆபரேசன் பண்ணியும் புண்ணியமில்லையாம். மொதல்லயே அப்படித்தான் இருந்திருக்குது. அவருதான் தப்பாச் சொல்லிட்டாராம்."

அவர் போன் போடவில்லை. போன் அன்று முழுக்க என் கையில்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பொய் வெளியே வந்துவிடும் என்று பயப்படுகிறார், இவ்வளவு கோழையா நம் அப்பா என்று நினைத்தேன்.

அம்மா, "போகுது உடுங்க," என்றாள். "வழி இருந்தா, பணத்தக் கையில வெச்சுக்கிட்டு நீங்க சும்மா இருப்பீங்களா? அது புள்ள படிப்புக்கு ஆகட்டும்."

எப்படியெல்லாமோ திருப்பித் திருப்பி யோசித்துவிட்டேன். அப்பா வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சொன்னதும் சரியென்று தோன்றவில்லை.

மழைக்காலம் தொடங்கும்போது அம்மாவுக்கு எல்லாம் இருண்டுவிட்டது. ஒருநாள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தட்டில் சோற்றைத் துழாவிக்கொண்டே அம்மா கேட்டாள்.

"சாமி, அன்னிக்கு எனக்குச் செரியாத் தெரியல. தேச்சு முடிச்சப்பறம் அது எப்படி இருந்துச்சு?"

"வெள்ளி மாதிரிம்மா! கண்ணு கூசுச்சு."

அம்மா சிரித்தாள். அப்பா பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்து வெளியே போனார். நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லையே, பின் எதற்காக எழுந்து போகிறார் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.