மேல்காட்டில் பிரெஞ்சுப் புரட்சி

…டிகிரி உதவியதா என்றால், என்ன சொல்வது. வேலை வாங்கித் தந்தது. வேலையில் உதவவில்லை. இரண்டுமே உண்மை.

ஆனால் டிகிரி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு முதலில் வருவது ஒரு வாசனைதான். பச்சை ஏலக்காயின் வாசனை. சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. என் போனின் திரையில்கூட அது ஒட்டியிருந்தது.

நான் பி.ஏ. வரலாறு. இரண்டாம் வருடத்தில் கொரோனா வந்து காலேஜை மூடினார்கள். போடியில் ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் அம்மா வேலை பார்த்த ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கொஞ்ச நாளில் ஆன்லைன் வகுப்பு என்றார்கள்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் சிக்னல் கிடையாது. வரிசை வீடுகள், ஓட்டுக்கூரை, சுற்றிலும் மரம்… ஒரு கோடுகூட வராது.

தோட்டத்தின் உச்சியில், மேல்காட்டில் சிக்னல் வந்தது. அங்கே அப்போது காய் எடுப்பு.

ஆக, வகுப்புக்குப் போவதென்றால் காய் எடுக்கப் போவது.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது. அடியில், மண்ணோடு படர்ந்த சரத்தில் காய்க்கும். குத்தவைத்து உட்கார்ந்து, சருகை விலக்கி, விளைந்ததை மட்டும் கிள்ள வேண்டும். போனைப் பாலித்தீன் கவரில் போட்டுச் செடித்தண்டில் கட்டித் தொங்கவிடுவேன். ஹெட்போன் பழுது. அதனால் ஸ்பீக்கர்.

சார் பிரெஞ்சுப் புரட்சி நடத்திக்கொண்டிருந்தார்.

முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒருநாள், லயத்தில் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா அத்தை செடிக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏத்தா, சத்தத்தக் கூட்டி வையி. அந்த ராணிக்காரி என்ன சொன்னாளாம்?"

அதன்பின் எல்லாரும் போன் கேட்கும் தூரத்தில்தான் உட்கார்ந்தார்கள். சிக்னல் போனால் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். பூட்டு செய்வதைப் பொழுதுபோக்காக வைத்திருந்த ராஜாவுக்குப் பரிந்து பேச, எங்களோடு காய் எடுத்த ரோஸ்லி சேச்சி ஒருத்திதான்.

"பாவம் மனுசன். பூட்டு சாவி செஞ்சுக்கிட்டுச் சும்மாதான இருந்தாரு."

"ராசா சும்மா இருந்தா ஊரு சும்மா இருக்குமா?" இது அத்தை.

பாரீஸ் நகரத்துப் பெண்கள் ரொட்டி கேட்டு மழையில் அரண்மனைக்கு நடந்துபோன பாடம் வந்தது. எங்களுக்கும் அன்று சாரல்.

"நம்மளும் போவமா? மேனேஜர் பங்களாவுக்கு?"

"ரொட்டி கேட்டா?"

"ரொட்டி யாருக்கு வேணும். ஒழுகுற ஓட்ட மாத்தச் சொல்லி."

"போறதுன்னா வெரசாப் போவம். அங்க மத்தியானம் மீன்கொழம்பு."

மியூட் போட மறந்திருந்தேன்.

சார் நிறுத்தினார். "யாரும்மா அது? வீட்ல ஏதும் விசேஷமா?"

நான் போனை எட்டுவதற்குள் அத்தை கத்திவிட்டாள். "விசேசம் இல்ல சாரு, காய் எடுக்குறோம். நீங்க பாட்டுக்கு நடத்துங்க!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனாலும் அந்த நாட்களில்தான் நின்றுவிடலாம் என்று முடிவெடுத்தேன். வெட்கம் காரணமில்லை. கை பழகிவிட்டது. வாராவாரம் கூலி வந்தது. அம்மாவுக்கு முதுகுவலி. புரட்சி படித்து யாருக்கு வேலை கிடைத்தது? எனக்கு முன்னால் அதே வரலாறு படித்து முடித்த சீனியர் அக்கா, போடியில் துணிக்கடையில் சேலை விரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை, லயத்துக்கு இறங்கும் வழியில் சொன்னேன்.

"திங்கக்கெழமல இருந்து கிளாஸ் இல்ல. நான் நின்னுட்டேன்."

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நின்னா நில்லு. எனக்கு ரெண்டு கை கூடுது."

"ஒனக்குக் கை கூடுது. எங்களுக்கு?" அத்தை பாதையிலேயே நின்றுவிட்டாள். "அந்த ராணி என்ன ஆனா?"

"தலைய வெட்டிட்டாங்க."

"அடியாத்தீ… அப்பறம்?"

"அப்பறம் தெரியாது அத்தை. அது அடுத்த பாடம்."

"தெரியாமயா நிக்கிற? நடந்து போனாளுகளே, அவளுகளுக்கு ரொட்டி கெடச்சுச்சா இல்லையா?"

அது எனக்கு உண்மையிலேயே தெரியாது.

படித்தால் பெரிய ஆளாகலாம் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. எரிச்சலாக இருந்தாள். பாதிப் படத்தில் கரண்ட் போன வீட்டில் உட்கார்ந்திருப்பவள்போல.

கொஞ்ச தூரம் போனபின் அம்மாதான் பேசினாள். "கேட்டுத் தொலையேன்டி. கைக்குத்தான சோலி. காது சும்மாதான இருக்கு."

திங்கட்கிழமை போனைத் தண்டில் கட்டினேன். ரொட்டியைப் பற்றி சாரிடம் நானே கேட்டேன். கொஞ்ச நாள் கிடைத்தது, பிறகு மறுபடியும் தட்டுப்பாடு என்றார்.

"அதான பாத்தேன்," என்றாள் அத்தை.

அப்படியே டிகிரி முடிந்தது.

இப்போது தேனியில், ஒரு ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் பிரிவில் இருக்கிறேன். விளம்பரத்தில் "ஏதேனும் ஒரு டிகிரி" என்று இருந்தது. என்ன டிகிரி என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. பக்கத்து மேசை சரவணன் டிகிரி கேட்காத காலத்தில் சேர்ந்தவன், ப்ளஸ் டூ. எனக்கு வேலை சொல்லித்தந்தது அவன்தான். சம்பளமும் என்னைவிட அதிகம்.

கணக்குப் பார்த்தால் இவ்வளவுதான். கேட்பவர்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

லயத்துக்கும் டவர் வந்துவிட்டது. மேல்காட்டில் இப்போது ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு பாட்டு என்கிறாள் அம்மா. எங்கள் ஆபீசிலும் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. எல்லார் காதிலும் ஹெட்போன். முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறோம். யாருக்கும் அடுத்து என்னவென்று தெரியவேண்டியதில்லை.

எம்.ஏ. முடித்தால் சம்பளம் ஏறுமா என்று போன வாரம் ஹெச்.ஆரில் விசாரித்தேன். ஏறாது என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தபால் வழியில் எம்.ஏ. சேர்ந்துவிட்டேன். வரலாறு.