இரவல் கதிரையும் கடன் படிப்பும்

கம்பசுப் படிப்புக்குக் காசு ரெண்டு வழியால வரும். ஒண்டு அரசாங்கம் சும்மா தாறது. பேர்சரி எண்டு சொல்லுவினம். திருப்பிக் குடுக்கத் தேவையில்லை. மற்றது வங்கி தாற கடன். படிச்சு முடிச்சு உத்தியோகம் எடுத்தாப்பிறகு மாசா மாசம் கட்டவேணும். முதலாவதை எடுக்கவேணுமெண்டால் உன்னட்ட ஒண்டும் இல்லையெண்டு காட்டவேணும். ரெண்டாவதை எடுக்கவேணுமெண்டால் உன்னட்ட எல்லாம் இருக்கெண்டு காட்டவேணும். நான் துறைமுகத்தில மூட்டை இறக்கினவன். பள்ளிக்கூடத்துக்குள்ள மழைக்கு ஒதுங்கினதைத் தவிர எனக்கும் படிப்புக்கும் தொடர்பில்லை. ஆனால் மகளுக்காக இந்த ரெண்டு வாசலிலயும் போய் நிண்டனான். அங்க கதிரையில இருந்தவங்களை மாடு மேய்க்க விட்டிருந்தாலும் மாடு தப்பிப் போயிருக்கும்.

கதிரை எண்டு சொன்னவுடன அத்தான்ர கதிரையைச் சொல்லவேணும். அதில்லாமல் இந்தக் கதை இல்லை.

அத்தான் எண்டது என்ர அக்காவின்ர மனிசன். அரசாங்கக் கந்தோரில கிளாக்கர். வெள்ளைக்காரன்ர கடற்படை திருகோணமலையை விட்டுப் போகேக்க, கொண்டுபோக ஏலாத சாமானெல்லாத்தையும் ஏலம் போட்டவங்கள். கட்டில், பீங்கான், கண்ணாடி, குளிக்கிற தொட்டி. அந்தத் தொட்டியை வேண்டின ஒருத்தர் அதுக்குள்ள ஆட்டுக்குத் தவிடு கரைச்சு வைச்சவர். அத்தான் நாலு கதிரை வேண்டினவர். கப்பல் கப்பித்தான் இருந்த கதிரை எண்டு ஊரெல்லாம் கதை. எனக்குத் தெரியும், அது சாமான் அறையில கணக்கெழுதினவன் இருந்த கதிரை. அந்த அறைக்கு மூட்டை சுமந்தவன் நான். அந்த நாலையும் ஏலம் நடந்த இடத்திலயிருந்து அத்தான் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேத்ததும் என்ர தலைதான். இறக்கி வைச்சுப்போட்டு, வேர்த்து விறுவிறுக்க, கட்டியிருந்த சாரத்தோட ஒண்டில இருக்கப் போனன்.

"தம்பி, அழுக்குச் சாரத்தோட இராதை. பொலிஷ் போயிடும்" எண்டார் அத்தான்.

நிண்டுகொண்டே தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தனான். அண்டைக்குப் பிறகு அத்தான் வீட்டில நான் அந்தக் கதிரையில இருந்ததில்லை. இரு எண்டு சொன்னாலும் இருந்திருக்க மாட்டன்.

மகள் கம்பசுக்கு எடுபட்டது எழுபதுகளில. பாணுக்கு விடியவெள்ளன வரிசையில நிண்ட காலம். கப்பல் வரத்தும் குறைவு. வேலை இருந்தால் காசு, இல்லாட்டி துறைமுகக் கேற்றடியில குந்தியிருந்து வீட்ட வாறது. இங்கிலீசில ஒரு கடிதம் வந்தது. மகள் வாசிச்சுப்போட்டு, "அப்பா, பேராதனைக் கம்பசு" எண்டாள். குசினிக்குள்ள போய் அழுதவள்.

பிறகு ஆரோ சொல்லிச்சினம், திருகோணமலை பின்தங்கின மாவட்டம், அதுதான் கொஞ்சம் சலுகை எண்டு. சரி, பின்தங்கியே இருக்கட்டும், பிள்ளைக்கு இடம் கிடைச்சால் போதும். படிப்பிக்கிறது சும்மாதான். ஆனால் தின்ன வேணும், படுக்க வேணும், புத்தகம் வேணும், ரெண்டு நல்ல சீலையாவது வேணும். அதெல்லாம் சும்மா இல்லை. அந்தக் காசு இல்லாட்டிப் பிள்ளை வீட்டில. முன் வீட்டுப் பெடிச்சி ஒண்டு அப்பிடித்தான், எடுபட்டும் போகாமல் தையல் மெசின் மிதிச்சுக்கொண்டு இருந்தவள்.

பேர்சரிக்கு எழுதிப் போட்டாள். வீட்டு நிலைமையைப் பாக்க ஒரு உத்தியோகத்தர் வருவார் எண்டு மறுமொழி வந்தது.

இஞ்சதான் எங்கட ஒழுங்கையின்ர, இந்தச் சின்னத் தெருவின்ர, வழக்கத்தைச் சொல்லவேணும். வெளியாள் ஒருத்தர் ஒரு வீட்டுக்கு வாறார் எண்டால், அது அந்த வீட்டு விசயமில்லை, ஒழுங்கை விசயம். பொம்பிளை பாக்க வந்தாலும் சரி, பொலிசு வந்தாலும் சரி, எல்லா வீட்டுச் சாமானும் அந்த ஒரு வீட்டுக்குப் போகும். எவரும் கேக்கத் தேவையில்லை, தானா வரும். வந்தவர் போனாப்பிறகு தானா திரும்பிப் போகும். இது ஆரின்ர சாமான் எண்டு வந்தவருக்கு முன்னால வாய் திறக்கக்கூடாது. திறந்தவனை ஒழுங்கையில ஒருத்தரும் மனிசனா மதிக்கமாட்டினம்.

அண்டைக்கும் அப்பிடித்தான். முன் வீட்டு றேடியோ வந்தது. மூலை வீட்டு மணிக்கூடு வந்து சுவரில தொங்கிச்சுது. பக்கத்து வீட்டு முஸ்லிம் மனிசி வட்டிலப்பம் அவிச்சுத் தட்டோட கொண்டுவந்து வைச்சவ. அக்கா கதிரை நாலையும் அனுப்பினவ. கதிரைக்குப் பின்னால அத்தானும் வந்தவர், காற்சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைச்சு. வாறது மேலிடத்து ஆள், முகம் காட்டி வைச்சால் நல்லதெண்டு அவருக்கு ஒரு கணக்கு.

மகளுக்கு மட்டும்தான் அண்டைக்கு மூளை வேலை செய்தது. "அம்மா, அவர் எங்களிட்ட ஒண்டும் இல்லையெண்டு பாக்கத்தானே வாறார்? இதெல்லாம் என்னத்துக்கு?" எண்டு கேட்டவள்.

"வாயைப் பொத்தடி" எண்டா என்ர மனிசி. "வாற மனிசனை நிலத்தில இருத்துறதே? நாளைக்கு ஒழுங்கையில நான் தலை காட்டவேண்டாமே?"

நானும் ஓம் எண்டுதான் தலையாட்டினனான்.

வந்தவன் மெலிஞ்ச ஆள். ஒரு பழந்தோல் பை. கதிரையில இருந்தான். வட்டிலப்பத்தில ஒரு துண்டு திண்டான். இன்னொரு துண்டும் திண்டான். முட்டைக் கோப்பி குடிச்சான். மனிசி வைச்ச எதையும் அந்த வாய் வேண்டாமெண்டு சொல்லேல்லை. பிறகு சுத்திவரப் பாத்தான்.

"றேடியோ வேலை செய்யுமோ?"

"ஓம் ஐயா, கொழும்பு நல்லாக் கேக்கும்" எண்டனான். றேடியோவைப் பழுதெண்டு சொன்னால் முன் வீட்டுக்காரருக்கு மரியாதை இல்லைத்தானே.

கதிரையின்ர கையைத் தடவிப் பாத்தான். "நல்ல பலகை."

"பர்மாத் தேக்கு, சேர்" எண்டார் அத்தான். வயித்துக்குள்ள வைச்சிருக்க ஏலாமல் வந்த கதை அது. ஆரின்ர கதிரை எண்டு மட்டும் சொல்லேல்லை. அந்தளவுக்கு அவரும் ஒழுங்கை மரியாதையைக் காத்தவர்.

மகள் கதவுக்குப் பின்னால நிண்டு நெத்தியில அடிச்சதை நான் கண்டனான்.

கடிதம் வந்தது. மகள் வாசிச்சுக் காட்டினாள். தேக்குக் கதிரை நாலு, றேடியோ ஒண்டு, சுவர் மணிக்கூடு ஒண்டு உள்ள வசதியான குடும்பம், பேர்சரி குடுக்க ஏலாது. மாவட்டம் முழுக்கப் பின்தங்கினது, அதுக்குள்ள நான் ஒருத்தன் மட்டும் முந்தீட்டன்! வட்டிலப்பத்தைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. அது வயித்துக்குள்ள போனது, கணக்கில வராது.

நான் கந்தோருக்குப் போனனான். வட்டிலப்பம் திண்ட அந்தாள் பேப்பர்க் கட்டுகளுக்குப் பின்னால இருந்தான்.

"ஐயா, அதெல்லாம் இரவல் சாமான்."

"அப்ப அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?"

"வீட்டுக்கு வந்த ஆளுக்கு எப்பிடி ஐயா அதைச் சொல்லுறது?"

"அப்ப அரசாங்க உத்தியோகத்தருக்குப் பொய் காட்டினதெண்டு எழுதட்டே?"

"வேண்டாம் ஐயா. இப்ப வந்து பாருங்கோ, வீட்டில ஒண்டும் இல்லை."

சிரிச்சான். "ஒளிச்சுப்போட்டுக் கூப்பிடுறாய். உன்னைப் போல எத்தினை பேரைப் பாத்தனான்."

இருந்ததைப் பாத்து எழுதினானாம். இருந்தது எங்கயிருந்து வந்ததெண்டு கேக்கத் தெரியாத கண் அது. வெறுங்காலோட, தோள்பட்டை காய்ச்சு, முன்னால நிக்கிறவனைப் பாக்கேல்லை, அவன் இருத்தின கதிரையைப் பாத்தவன். அவன்ர படிப்புக்கு எந்த மடையன் செலவழிச்சானோ.

இனி வங்கிதான். மகளும் வந்தவள். அங்க இருந்தவர் இன்னொரு சாதி மடையன். சேட்டுப் பையில மூண்டு பேனை.

"சொத்து என்ன இருக்கு?"

"ஒண்டும் இல்லை ஐயா" எண்டனான். ஒருக்கால் பட்டது காணும் எண்டு இந்தமுறை உள்ளதைச் சொன்னனான்.

"ஒண்டும் இல்லாதவருக்கு என்னெண்டு கடன் தாறது? பிள்ளை கட்டாட்டி ஆர் கட்டுறது?"

இவ்வளவுதான் உலகம். இருக்கு எண்டால் அங்க இல்லை. இல்லை எண்டால் இஞ்ச இல்லை. நான் எழும்பீட்டன். மகள் எழும்பேல்லை. பைக்குள்ளயிருந்து பேர்சரிக் கடிதத்தை எடுத்து மேசையில விரிச்சாள்.

"சேர், அப்பா வெட்கத்தில சொல்லுறார். எங்களுக்கு வசதி இருக்கெண்டு அரசாங்கமே எழுதித் தந்திருக்கு."

அந்தாள் வாசிச்சான். ஒவ்வொரு சாமானாப் பேனையால தொட்டு வாசிச்சான். முத்திரையை விரலால தடவிப் பாத்தான். முகம் மலந்துபோச்சு. "பர்மாத் தேக்கோ?" எண்டு என்னைக் கேட்டான்.

"அப்பிடித்தான் சொல்லுகினம்" எண்டனான்.

கடன் தரலாமாம். ரெண்டு நிபந்தனை. அரசாங்கச் சம்பளக்காரர் ஒருத்தர் பிணை நிக்கவேணும். வங்கியிலயிருந்து ஆள் வந்து சாமானைப் பாத்தாலும் பாப்பினம்.

எங்கட ஆக்களுக்குள்ள அரசாங்கச் சம்பளம் எடுக்கிறது அத்தான் ஒருத்தர்தான். முதல் நான் தனியப் போய் அவரைக் கேட்டனான். "நீ விழுந்தால் என்ர சம்பளத்தில வெட்டுவாங்கள், தம்பி. பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு உவ்வளவு படிப்பு?" எண்டவர். என்ர வீட்டில பொங்கலுக்குப் பொங்கல் வந்து திண்ட மனிசன்.

இந்தமுறை மகள் கடிதத்தை அவற்ற கையில குடுத்தாள். கண்ணாடியைப் போட்டு வாசிச்சவர் கத்தினார்.

"இது என்ர கதிரையெல்லே!"

"ஓம் மாமா" எண்டாள் மகள், தேத்தண்ணி வேணுமோ எண்டு கேக்கிற மாதிரி. "கந்தோரில போய்ச் சொல்லுங்கோவன். அந்தக் கதிரையில இருந்துகொண்டு பர்மாத் தேக்கு எண்டு நீங்கள் சொன்னதையும் சேத்துச் சொல்லுங்கோ. அப்பா படிக்காதவர், அவருக்கு ஒண்டும் செய்யமாட்டினம். உங்களுக்கு என்ன செய்வினமோ தெரியாது."

அத்தான்ர முகத்தைப் பாக்கவேணும். அந்த வருசம் உத்தியோக உயர்வு வருமெண்டு பாத்துக்கொண்டு இருந்தவர். அக்கா குசினிக்குள்ளயிருந்து, "பேசாமல் வைச்சுக் குடுங்கோ கையெழுத்தை" எண்டா. அவவின்ர குரலில சிரிப்பு இருந்தது.

வைச்சார். பேனை பேப்பரைக் கிழிக்கிற மாதிரி அமத்தி வைச்சார்.

வங்கி ஆள் எந்த நேரமும் வரலாமெண்டு கதிரையும் எங்கட வீட்டுக்கு வரவேண்டி வந்தது. "தம்பி, தலையில தூக்கி வையன்" எண்டார் அத்தான். "நாரி நோகுது அத்தான், குனிய ஏலாது" எண்டனான். நல்ல மத்தியான வெய்யில். அவரே ரெண்டு ரெண்டாத் தூக்கிக்கொண்டு வந்தவர். பாதி வழியில ஏலாமல், றோட்டில கதிரையைப் போட்டு, அதில இருந்து இளைப்பாறினவர். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையள் நிண்டு பாத்ததுகள். பொலிஷ் போகுதெண்டு அண்டைக்கு ஒரு கதையும் இல்லை.

மகள் பேராதனைக்குக் கோச்சி ஏறிப் போனாள். கடன் காசு தவணைக்குத் தவணை வந்தது. வங்கி ஆள் ஒருநாளும் வரேல்லை. அவங்களுக்குக் கதிரை தேவையில்லை, கதிரை எண்டு எழுதின பேப்பர்தான் தேவை. நான் துறைமுகத்தில கோதுமை மா மூட்டை இறக்கிப்போட்டு வந்தால் மாத்தூசியும் வேர்வையுமா நேரை போய் அதில இருப்பன். அத்தான் எப்பவாவது வருவார். தன்ர கதிரையின்ர நுனியில குந்தியிருந்து, காலைப் பாப்பார், கையைப் பாப்பார், பெருமூச்சு விடுவார். கேக்க வாய் வராது. கடன் முடியாமல் எப்பிடிக் கேக்கிறது? பிணை நிண்டவர் அவர்.

மகள் படிச்சு முடிச்சு, மூதூர்ப் பக்கம் ரீச்சரா வேலை எடுத்து, சம்பளத்தில மாசா மாசம் கட்டினவள். கடைசிக் காசும் கட்டி முடிச்ச கிழமை, அத்தான் ஒரு தள்ளுவண்டிலோட வாசலில வந்து நிண்டார்.

நான் கதிரையிலதான் இருந்தனான். எழும்பிச் சாரத்தைத் தட்டினன். மா பறந்தது.

"அழுக்குச் சாரத்தோட இருந்து இருந்து பொலிஷ் எல்லாம் போயிட்டுது அத்தான்" எண்டனான். "கொண்டு போங்கோ."