நான்கு மணி அளவு

ஆற்றங்கரையில் பிறந்தவன் என்ற திமிர் எனக்கு உண்டு. அணைக்கட்டு அலுவலகத்தில் தாமிரபரணியின் நீர்மட்டத்தை மணிக்கொரு முறை பதிவேட்டில் எழுதுவது எனக்கும் சக ஊழியர் ஒருவருக்கும் வேலை. மழை நாளில் நான் இறங்கிப்போய் அளவுகோலைப் பார்க்க மாட்டேன். எதிர்க்கரைப் படித்துறையில் எத்தனை படி தெரிகிறது என்று ஜன்னல் வழியே எண்ணி, அதை வைத்து அடிக்கணக்கு போட்டுவிடுவேன். எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான்.

சாத்தான்குளத்திலிருந்து மாற்றலாகி வந்த சக ஊழியருக்கு இது ஆகாது. நனைந்துகொண்டே போய்ப் பார்த்துவந்து, நான் எழுதியதை அடித்துத் திருத்துவார். மனிதருக்கு நீச்சல் தெரியாது. "தேரிக்காட்டு மணல்ல பொறந்தவருக்குத் தண்ணியக் கண்டாலே நடுக்கம்" என்று அவர் காதுபடவே சொல்வேன். சிரிக்கக்கூட மாட்டார். அவரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கார்த்திகையில் மூன்று நாளாக மழை விடவில்லை. மூன்று மணிக்கே நான்கு மணி அளவையும் சேர்த்து எழுதி வைத்தேன். மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. ஆறு செம்மண் நிறத்தில், வழக்கமான இரைச்சல்கூட இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் நாற்காலியை விட்டு எழவில்லை.

நான்கு மணிக்கு அவர் கீழேயிருந்து ஓடிவந்தார்.

"நீரு எழுதினதுக்கு ரெண்டடி கூட இருக்கு வே. கீழ வாத்து மேய்க்கவங்க கூடாரம் போட்டிருக்காங்க. மைக் கட்டி ஆட்டோ அனுப்பச் சொல்லும்."

அதே நேரம் மேலதிகாரியின் போன் வந்தது. உண்மையைச் சொன்னால் பதிவேட்டைக் கேட்பார், நான் பார்க்காமலே எழுதியது வெளிவந்துவிடும். எழுதியிருந்த அளவையே வாசித்தேன். "இவருதான் சார் சும்மா பயப்படுதாரு" என்றும் சொன்னேன். ஆட்டோ வேண்டாம் என்று அதிகாரி போனை வைத்துவிட்டார்.

சக ஊழியர் பைக்கை எடுத்துக்கொண்டு ஆற்றோரப் பாதையில் இறங்கிவிட்டார்.

நான் ஜன்னலிலேயே நின்றேன். படிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இரண்டு முறை போனைக் கையில் எடுத்தேன், இரண்டு முறையும் வைத்துவிட்டேன். ஐந்து மணிக்கு ஒரு படியும் தெரியவில்லை.

ஐந்தரைக்கு அவர் இடுப்புவரை சேறாக வந்து நின்றார். என் வாயில் முதலில் வந்தது இதுதான்:

"அதிகாரிட்டச் சொல்லிட்டீரா?"

சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"சொல்லல. கூடாரத்துல இருந்த மூணு பிள்ளையளையும் தூக்கிக் கரையேத்தியாச்சு. அத முதல்ல கேக்க மாட்டீரோ வே?"

சொல்லவில்லை என்றதும் எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. பிள்ளைகள் நினைவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் எனக்கு என்மீதே பயம் வருகிறது.