கறுப்புத் துணியில் கட்டிய படிகாரம்

அமாவாசை நெருங்கும் நேரம் பார்த்து எங்கள் காரின் ஸ்டீயரிங் தட்ட ஆரம்பித்தது. பழைய சின்னக் கார். கடைவீதி முனையில் ஒடித்துத் திருப்பினால் ஒரு டொக். வேகத்தடையில் இன்னொன்று. நேர்ச்சாலையில் சத்தமில்லை, ஆனால் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் அசைத்தால் வண்டி அதைக் கண்டுகொள்ளாமல், வேறு யாரையோ நினைத்துக்கொண்டிருப்பதுபோல் போகும்.

“மாமா வண்டியில இந்த மாதிரி சத்தமே இல்லீங்க” என்றாள் மனைவி.

மாமா என்பது அவளுடைய தாய்மாமன் மகன். கடைவீதியில் பாத்திரக்கடை. ஒரு காலத்தில் அவளை அவருக்குக் கொடுப்பதாகத்தான் பேச்சு. ஜாதகம் சேரவில்லை, அவ்வளவுதான். அவர் வேறிடத்தில் கட்டினார், அவள் எனக்கு வாய்த்தாள். முறைப்படி அவர் எனக்கு அண்ணன். தம்பி, தம்பி என்று தோளில் கைபோடுவார். அந்தக் கை எனக்கு வெயில்பட்ட பாறைபோல் சுடும். அவரை அவள் வாய் நிறைய மாமா என்பாள். என்னை ‘இன்னாங்க’தான்.

இந்த அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போக அவர் தன் புது வண்டியில் கூப்பிட்டிருந்தார். “எங்களுக்கு வண்டி இருக்குதுண்ணே” என்று நான் சொல்லியாகிவிட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியாக வேண்டும். அவளை என் வண்டியில், என் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து நானே ஓட்டிப்போக வேண்டும். வேறு வேண்டுதல் எதுவும் அந்த மாதம் எனக்கு இல்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. போன அமாவாசையில் அவர் கோயிலிலிருந்து ஒரு படிகாரக் கட்டியைக் கறுப்புத் துணியில் முடிந்துகொண்டுவந்து, திருஷ்டிக்கு என்று எங்கள் ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே கட்டிவிட்டிருந்தார். அதுதான் ஆடி ஆடி இடிக்கிறது. வேறெதுவாக இருக்க முடியும்? என் வண்டிக்குள் தொங்கிக்கொண்டு, நான் திரும்பும் ஒவ்வொரு திருப்பத்திலும் ‘நான் இருக்கிறேன்’ என்று தட்டிச் சொல்கிறது.

அமாவாசை அன்று காலை கத்திரிக்கோலோடு காருக்குள் தலையை விட்டேன்.

“இன்னாங்க, அங்க யாருக்கு முடி வெட்டறீங்க?”

முடிச்சு அறுந்து கையில் விழுந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மனம் பஞ்சாகிப் பறக்க, வண்டியை எடுத்துத் தெருமுனையில் ஒடித்தேன்.

டொக்.

திரும்பி வந்தபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். “போச்சா சத்தம்?”

“இல்ல.”

“படிகாரம் பாவம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என் முகம் எரிந்தது. ராஜகிரி மலைக்கோட்டை உச்சியிலிருந்து ஊரே என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

பிறகுதான் ஒழுங்காகத் தேடினேன். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஆட்ட, ஒருவர் தொட்டுப் பார்க்க. என்ஜினை அணைத்து, கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். அவளை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்துவிட்டு, கோணியை விரித்து முன்சக்கரத்துக்குப் பின்னால் படுத்தேன்.

“திருப்பாத. சும்மா ஆட்டு. மாவு சலிக்கிற மாதிரி, இப்படி அப்படி.”

“சலிக்கிறேன், சலிக்கிறேன். மூஞ்சில தூசி கொட்டினா என்னைச் சொல்லாதீங்க.”

ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துப் பார்த்தேன். உள்ளே நடுவில் தட்டவில்லை. வலப்பக்கம் சிக்கென்று இருந்தது. இடப்பக்கம், சக்கரத்தைத் திருப்பும் கம்பி, டை ராடு என்பார்களே, அதன் முனையில் இருக்கும் குண்டு மூட்டைப் பிடித்தேன். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே வழிந்திருந்தது. அவள் ஆட்ட ஆட்ட, உள்ளங்கைக்குள் டொக், டொக். கம்பி நகர்ந்தும் சக்கரம் நகராத சின்ன இடைவெளி. பல்லாட்டம்போல.

“இங்கதான்!” என்று கத்தினேன்.

“எனக்கும் தெரியுதுங்க. ஸ்டீயரிங்ல வந்து கையில தட்டுது” என்றாள் மேலிருந்து.

ஒரே தட்டல். அவள் கையிலும் என் கையிலும். இப்படியே சாயங்காலம் வரை அவள் ஆட்டிக்கொண்டிருக்கக் கூடாதா என்றிருந்தது எனக்கு.

எழுந்து கிரீஸைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. அந்த மூட்டு கழன்றால் சக்கரம் தன் வழியில் போகும், நாம் நம் வழியில் போவோம். அமாவாசை அன்று மேல்மலையனூர்ச் சாலையில் ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வரும். புது மூட்டுக்கு விசாரித்தேன், நாளைதான் வருமாம். காரணம் தெரியாமலே இருந்திருந்தால் துணிந்து ஓட்டியிருப்பேன். கண்டுபிடித்துக் கெட்டேன்.

“மாமாவுக்கு போன் போடு” என்றேன். அந்த வார்த்தையை நானே சொன்னேன்.

சாயங்காலம் வந்தார். அவருடைய மனைவியும் என் மனைவியும் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். முன்னால், அவர் பக்கத்தில், நான். அவள் உட்கார வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட அதே இருக்கை, வண்டிதான் வேறு. வழியில் வளத்தி ஊரைத் தாண்டும் வரை காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். ஒரு டொக். ஒரே ஒரு டொக் போதும். வேகத்தடைகள் வந்தன, திருப்பங்கள் வந்தன. வண்டி வெண்ணெயில் கத்திபோல் போனது.

“இன்னா தம்பி, கழுத்து புடிச்சிக்கிச்சா? ஒரு பக்கமா சாஞ்சிக்கினே வர்ற.”

பின்னாலிருந்து அவள் பேசினாள். “காலையிலேர்ந்து வண்டிக்கு அடியில படுத்திருந்தாரு மாமா. டை ராடு போயிருக்குது. அவரே கண்டுபுடிச்சாரு. நான்தான் ஆட்டினேன்.”

படிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது என் சட்டைப்பைக்குள் கனத்துக்கொண்டிருந்தது.

“பரவால்லியே! அப்ப நம்ம வண்டிலயும் ஏதாச்சும் சத்தம் கேக்குதான்னு சொல்லு தம்பி.”

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணும் கேக்கலண்ணே” என்றேன். “நல்லா இருக்குது.”